எண் சிறியதென்றால் மருந்து பெரியதா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 71. இதயத் துடிப்பு சீராக இல்லாததால் ஐந்து ஆண்டுகளாக, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். சிறுநீரகமும் கொஞ்சம் பலவீனம், அதைக் காட்டும் ரத்தச் சோதனையான கிரியாட்டினின் 1.8. இரண்டு வாரத்துக்கு முன் சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது என்றார். எனக்கு முன்பு இதே தொல்லை வந்தபோது வாங்கிய சிப்ரோஃப்ளாக்ஸசின் மாத்திரையில் மூன்று மிச்சம் இருந்தது. அதைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல் வந்து மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. நான் செய்ததைச் சொன்னதும் மருத்துவர் கோபித்துக்கொண்டார். கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) அறிக்கையில் ஈ.கோலை என்ற பாக்டீரியா என்று வந்தது. ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே ஓர் எண்: மெரோபெனம் 0.25, செஃப்ட்ரியாக்ஸோன் 1, நைட்ரோஃபுரன்டாயின் 16. மூன்றுக்கும் ‘எஸ்’ (கிருமி கட்டுப்படும்), சிப்ரோவுக்கு ‘ஆர்’ (கட்டுப்படாது). 0.25 போட்டதுதானே வீரியம் அதிகமான மருந்து? அதை விட்டுவிட்டு 1 போட்ட ஊசியைப் போடுகிறார்கள். மாத்திரை இருக்கும்போது ஊசி எதற்கு? அப்பாவுக்குச் சிறுவயதில் பென்சிலின் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். இந்த ஊசி பரவாயில்லையா? நான்காம் நாளே தெம்பாகிவிட்டார். பத்து நாள் மருந்து வேண்டும் என்கிறார்கள், அவசியமா? இதற்கிடையில் என் ஆறு வயது மகனுக்கு மூக்கில் பச்சைச் சளி. அவனுக்கு ஆன்டிபயாடிக் தர மருத்துவர் மறுத்துவிட்டார். எல்லாம் முடிந்தபின் அப்பாவுக்குக் கிருமி போய்விட்டதா என்று மறுபடி சோதிக்க வேண்டுமா? (பெயர் வேண்டாம்)

பதில்: கல்ச்சர் அறிக்கையைக் கையில் வாங்கியதும் எல்லோரும் செய்வதைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள். எண்களை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்து, எது சிறியது என்று தேடியிருக்கிறீர்கள். பயிற்சி மருத்துவனாக வார்டில் நின்ற முதல் ஆண்டில் நானும் அதையேதான் செய்தேன். ஆய்வகத்தில் இருந்த மூத்த நுண்ணுயிரியல் மருத்துவர் என்னைப் பார்த்து, “ஒருவருக்குக் காய்ச்சல் 102, ரத்த அழுத்தம் 120. இரண்டில் எது அதிகம், சொல்” என்றார். நான் விழித்தேன். “இப்போது நீ கேட்டதும் அந்தக் கேள்விதான்” என்று சொல்லிவிட்டு நுண்ணோக்கிக்குத் திரும்பிவிட்டார்.

அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். அப்பாவின் சிறுநீரில் ஒரு துளியை, கிருமி வளர்வதற்கான ஊட்டக்கூழ் ஊற்றிய தட்டில் தேய்த்து, உடல் சூட்டில் ஓர் இரவு வைக்கிறார்கள். மறுநாள் தட்டில் புள்ளி புள்ளியாகக் கிருமிக் கூட்டம் முளைத்திருக்கும். அதிலிருந்து கொஞ்சம் எடுத்து, வரிசையாக உள்ள சிறு குழிகளில் விடுகிறார்கள். முதல் குழியில் மருந்து கால் பங்கு, அடுத்ததில் அரை, அப்புறம் 1, 2, 4 என்று இரட்டித்துக்கொண்டே போகும். கிருமி வளர்ந்த குழியில் நீர் கலங்கியிருக்கும். எந்தக் குழியில் முதன்முதலாகத் தெளிந்து நிற்கிறதோ அந்தக் குழியின் மருந்தளவுதான் உங்கள் அறிக்கையில் இருக்கும் எண். இப்போது பல ஆய்வகங்களில் இதை இயந்திரமே செய்துவிடுகிறது, அடிப்படை இதுதான்.

ஆக, இந்தக் கிருமியின் வளர்ச்சியை நிறுத்த இந்த மருந்து இவ்வளவாவது வேண்டும் என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. அவ்வளவு மருந்து தொற்று இருக்கும் இடத்தில் போய்ச் சேருமா என்பது வேறு கணக்கு. ஒவ்வொரு மருந்தும் உடலில் ஒவ்வோர் அளவில்தான் தங்கும். அதனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எல்லை வைத்திருக்கிறார்கள். ஈ.கோலை விஷயத்தில் பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு தரநிலையின்படி நைட்ரோஃபுரன்டாயினுக்கு எல்லை 32. அப்பாவின் கிருமிக்கு 16 போதும் என்பதால் அது ‘எஸ்’. மெரோபெனத்துக்கும் செஃப்ட்ரியாக்ஸோனுக்கும் எல்லை 1. அவையும் எல்லைக்குள் இருப்பதால் ‘எஸ்’. ஒவ்வோர் எண்ணையும் அதனதன் எல்லையோடுதான் ஒப்பிட வேண்டும். பக்கத்து வரி மருந்தின் எண்ணோடு அல்ல. 0.25 என்பது 16-ஐவிட 64 மடங்கு வீரியம் என்று யாராவது கணக்குப் போட்டுச் சொன்னால் கணக்கு சரி, மருத்துவம் தப்பு.

அப்படியென்றால் மூன்று ‘எஸ்’ மருந்துகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி? தொற்று எங்கே இருக்கிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

நைட்ரோஃபுரன்டாயின் நல்ல மாத்திரை. சிறுநீர்ப்பையோடு நின்றுவிட்ட தொற்றுக்குப் பல பெண்களுக்கு நான் முதலில் எழுதுவது அதைத்தான். ஆனால் அதன் குணமே தனி. விழுங்கிய மருந்து வேகமாகச் சிறுநீரில் இறங்கிவிடும். அங்கே செறிவாக நிற்கும். ரத்தத்திலும் சதையிலும் சொல்லிக்கொள்ளும்படி தங்காது. எரிச்சல் மட்டும் இருந்தவரை தொற்று சிறுநீர்ப்பையில்தான் இருந்தது என்று நினைக்கலாம். உடல் தூக்கிப்போடும் அளவுக்குக் குளிர்காய்ச்சல் வந்துவிட்டது என்றால், அது சிறுநீரகத்துக்கோ ப்ராஸ்டேட் சுரப்பிக்கோ ஏறிவிட்டது, ரத்தத்திலும் கலந்திருக்கலாம் என்று பொருள். அங்கே இந்த மாத்திரைக்கு வேலை இல்லை. போதாக்குறைக்கு, சிறுநீரகம் பலவீனமாக இருப்பவருக்கு மருந்து சிறுநீரில் சரியாக இறங்காது. உடலில் தேங்கிப் பக்கவிளைவு தரும். அறிக்கையில் உள்ள ‘எஸ்’ கண்ணாடிக் குழிக்குள் கண்ட உண்மை. உங்கள் அப்பாவின் உடலுக்குள் அது செல்லாக்காசு.

செஃப்ட்ரியாக்ஸோன் ரத்தத்திலும் சிறுநீரகத்திலும் நன்றாகச் சேர்கிறது. அது சிறுநீர் வழியாகவும் பித்தநீர் வழியாகவும் வெளியேறுவதால், கிரியாட்டினின் 1.8 உள்ளவருக்குப் பொதுவாக அளவைக் குறைக்க வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு ஒரு முறை போட்டால் போதும். வாந்தி, குளிர் என்று கிடப்பவருக்கு மாத்திரை ஒழுங்காக உறிஞ்சப்படுமா என்ற கவலையும் இல்லை.

மெரோபெனம் வேலை செய்யாது என்பதற்காக அதை ஒதுக்கவில்லை. செய்யும், பிரமாதமாகவே செய்யும். ஆனால் செஃப்ட்ரியாக்ஸோன் வகை மருந்துகளை உடைத்துப்போடும் நொதியைச் சுரக்கும் ஈ.கோலை கிருமிகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட கிருமியோடு வரும் நோயாளிக்கு மெரோபெனம் போன்றவைதான் கைகொடுக்கும். செஃப்ட்ரியாக்ஸோனே போதும் என்ற இடத்தில் அதைச் செலவழித்தால், அப்பாவின் குடலில் வாழும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் மெரோபெனத்தையும் தாக்குப்பிடிப்பவை தப்பிப் பெருகும். அடுத்த முறை அவருக்குக் காய்ச்சல் வரும்போது அவை நோய்க்கிருமியாக வந்து நின்றால் மருத்துவர் எதை எழுதுவார்? உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ஆன்டிபயாடிக்குகளை மூன்று வகையாகப் பிரித்தது: முதலில் எடுக்க வேண்டியவை, கண்காணித்துத் தர வேண்டியவை, கடைசிக் கையிருப்பாக வைக்க வேண்டியவை. அமாக்ஸிசிலின், நைட்ரோஃபுரன்டாயின் எல்லாம் முதல் வகை. நீங்கள் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்த சிப்ரோ இரண்டாம் வகை. செஃப்ட்ரியாக்ஸோனும் மெரோபெனமும்கூட அதே இரண்டாம் வகைதான். ஆனால் அந்த வகைக்குள்ளேயே மெரோபெனத்தை இன்னும் இறுக்கிப் பிடிப்பது வழக்கம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அப்பா வந்த இரவில் ரத்த அழுத்தம் சரிந்து, பேச்சு குழறி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தால், அறிக்கைக்காக இரண்டு நாள் காத்திருக்க முடியாது. ரத்தத்தையும் சிறுநீரையும் கல்ச்சருக்கு எடுத்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல கிருமிகளையும் தாக்கும் மருந்தை ஏற்றிவிட வேண்டும். அறிக்கை வந்தபின் அந்தக் கிருமியைக் குறிவைக்கும் மருந்துக்கு இறங்க வேண்டும். இப்படி இறங்கும்போதுதான் குடும்பத்தார் பதறுகிறார்கள்: “நல்ல மருந்தை நிறுத்திவிட்டுச் சாதா மருந்தைப் போடுகிறார்களே!” உண்மையில், இறங்குவதற்குத்தான் மருத்துவருக்கு அதிகத் தைரியம் வேண்டும். பெரிய மருந்தைத் தொடர்ந்துகொண்டே இருப்பதைப் போலச் சுலபமான காரியம் வேறில்லை.

இனி அந்த மூன்று மாத்திரைகள். மருத்துவர் ஏற்கெனவே கோபித்தாகிவிட்டது. நான் வேறு எதற்கு? ஆனால் என்ன நடந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அறிக்கையில் சிப்ரோவுக்கு ‘ஆர்’ என்று இருக்கிறது. அந்த மருந்தை அந்தக் கிருமி சட்டை செய்யவில்லை. மூன்று நாள் சிகிச்சை நடக்கிறது என்று நீங்கள் நம்பியிருந்தீர்கள். கிருமி தன் பாட்டுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஒருவகையில் உங்களுக்கு அதிர்ஷ்டம். மருந்து அரைகுறையாக வேலை செய்திருந்தால், கிருமி அடங்கியும் அடங்காமலும் இருந்து, கல்ச்சரில் ஒன்றுமே முளைக்காமல் போயிருக்கலாம். அப்போது மருத்துவர் கண்ணைக் கட்டிக்கொண்டு சுட வேண்டியிருக்கும். சிறுநீர் மாதிரியை ஆன்டிபயாடிக்கின் முதல் வேளைக்கு முன்பே எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை வார்ஃபரின். சிப்ரோ, மெட்ரோனிடசோல், கோ-டிரைமாக்சசோல், கிளாரித்ரோமைசின் போன்றவை வார்ஃபரினின் வேலையை ஏற்றிவிடும். ரத்தம் தேவைக்கு மேல் நீர்த்துப்போய், ஈறிலோ குடலிலோ மூளையிலோ கசியலாம். மாத்திரை நின்றபிறகும் சில நாள் இதன் தாக்கம் இருக்கும். இப்போது போடும் செஃப்ட்ரியாக்ஸோனும் ஓரளவு ஏற்றக்கூடியதுதான். அதோடு காய்ச்சலில் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாலே ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் எண்) தாறுமாறாகும். ஆகவே மருத்துவமனையில் ஐஎன்ஆர் பார்த்தார்களா என்று இன்றே கேளுங்கள். வீட்டுக்கு வந்து ஒரு வாரத்துக்குள் மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்று தேதியும் கேட்டு வாங்குங்கள். ஈறில் ரத்தம், காரணமில்லாமல் தோலில் நீல ரத்தக்கட்டு, கறுத்த மலம், திடீர்த் தலைவலி இவற்றில் எது வந்தாலும் அந்தத் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது.

சிப்ரோ குடும்பத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு, அதிலும் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கு, குதிகால் தசைநாண் வீங்கி அறுந்துபோகும் ஆபத்து இந்த மருந்துகளில் அதிகம். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். இரும்புச்சத்து, கால்சியம், அமிலத்தைத் தணிக்கும் மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்து விழுங்கினால் குடலிலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஆன்டிபயாடிக் ரத்தத்துக்கே போகாது. உங்களுக்கு ஒத்துக்கொண்ட அதே மாத்திரை அப்பாவுக்கு இத்தனை விதத்தில் பொருந்தாமல் போகிறது. கிருமி வேறு, இடம் வேறு, உடல் வேறு, கூடச் சாப்பிடும் மருந்து வேறு. இழுப்பறையில் இருக்கும் அட்டைக்கு இதெல்லாம் தெரியாது.

கேட்க மறந்துவிடாதீர்கள்: இந்த வயதில் ஓர் ஆணுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் அதற்குப் பின்னால் ஏதாவது அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ப்ராஸ்டேட் வீங்கி, சிறுநீர் முழுவதும் வெளியேறாமல் தேங்குகிறதா, கல் இருக்கிறதா என்று ஸ்கேனில் தெரியும். தேங்கிய குட்டையில் எத்தனை மருந்து தெளித்தாலும் கொசு திரும்ப வரும். சீழ்க்கட்டியைக் கீறாமல், வேர் அழுகிய பல்லைக் கவனிக்காமல், கிருமி படிந்த கதீட்டரை (சிறுநீர் வடிக்கும் குழாயை) மாற்றாமல் ஆன்டிபயாடிக்கை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுப்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவன் நான்.

பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்ற விஷயத்துக்கு வருகிறேன். இது பலர் ஆயுள் முழுக்கச் சுமக்கும் ஒரு முத்திரை. சில நாடுகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் இப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள். முறையாகச் சோதித்தால் அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் அந்த மருந்தைத் தாராளமாகச் சாப்பிடலாம் என்று தெரிகிறது. சிறுவயதில் வைரஸ் காய்ச்சலோடு வந்த தடிப்பை மருந்தின் தலையில் கட்டியிருப்பார்கள். அல்லது வெறும் வயிற்றுப்போக்கை ஒவ்வாமை என்று எழுதியிருப்பார்கள். உண்மையிலேயே ஒவ்வாமை இருந்தவர்களிலும் பெரும்பாலோருக்குப் பத்து ஆண்டுகளில் அது மறைந்துவிடுகிறது.

ஆகவே உங்கள் பாட்டியோ பெரியவர்களோ யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்: மருந்து கொடுத்து எவ்வளவு நேரத்தில் வந்தது? ஒரு மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சுத் திணறியதா? இரண்டு மூன்று நாள் கழித்துச் சிவப்புப் புள்ளிகள் மட்டும் வந்தனவா? அல்லது தோல் கொப்பளித்து உரிந்து, வாயும் கண்ணும் புண்ணானதா? முதலாவது என்றால் ஒவ்வாமை நிபுணரின் மேற்பார்வையில் சோதித்துப் பார்க்கலாம். இரண்டாவது பெரும்பாலும் ஆபத்தில்லாதது. மூன்றாவது நடந்திருந்தால், அந்த மருந்தைச் சோதனைக்காகக்கூட மீண்டும் தொடக் கூடாது. செஃப்ட்ரியாக்ஸோன் பென்சிலினுக்குத் தூரத்து உறவுதான். ஆனால் மூலக்கூறில் ஒவ்வாமையைத் தூண்டும் பகுதியான பக்கச்சங்கிலி அதில் வேறு விதம். அதனால் பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இது ஒத்துக்கொள்கிறது. நான்கு நாள் ஊசி போட்டும் அப்பா நன்றாக இருக்கிறார் என்பதே உங்களுக்குப் பாதி பதில். அவருடைய மருத்துவக் குறிப்பேட்டில் “செஃப்ட்ரியாக்ஸோன் கொடுத்தோம், ஒன்றும் ஆகவில்லை” என்று தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு நாள் நள்ளிரவில், அவரை முன்பின் அறியாத மருத்துவருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவியாக இருக்கும்.

பத்து நாள் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு என் தலைமுறை மருத்துவர்கள் ஒரே பாட்டைப் பாடினோம்: பாதியில் நிறுத்தினால் கிருமிக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். இதன் வேர் பழையது. பென்சிலினைக் கண்டறிந்ததற்காக நோபல் பரிசு பெற்ற அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945 டிசம்பரில் ஆற்றிய பரிசுரையில் ஒரு கற்பனைக் கதை சொன்னார். தொண்டை வலி வந்த ஒருவர் தானே பென்சிலின் வாங்கிப் போதாத அளவில் எடுத்துக்கொள்கிறார். அவருடைய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி மருந்துக்குப் பழகிவிடுகிறது. அது மனைவிக்குத் தொற்றி, பென்சிலின் பலிக்காமல் அவர் நிமோனியாவில் இறந்துபோகிறார். எச்சரிக்கை என்ற அளவில் அபாரமானது. வேடிக்கை என்னவென்றால், தொண்டையைத் தாக்கும் அந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இன்றுவரை பென்சிலினுக்குப் பணிந்தே கிடக்கிறது. வேறு எத்தனையோ கிருமிகள் அவர் பயந்தபடியே ஆகிவிட்டன.

இன்று நமக்குத் தெரிவது இது: பெரும்பாலான சாதாரணத் தொற்றுகளில், மருந்தை அதிக நாள் கொடுக்கக் கொடுக்க உடலில் உள்ள மற்ற பாக்டீரியாக்கள் அதற்குப் பழகும் வாய்ப்புத்தான் கூடுகிறது. மருந்துக்குப் பழகுவது நம் உடம்பு அல்ல, கிருமி. அந்தப் பழக்கத்துக்கான மரபணுவை ஒரு பாக்டீரியா பக்கத்தில் இருக்கும் இன்னொன்றுக்குக் கைமாற்றவும் செய்யும். அதனால் நாள் கணக்கு சுருங்கிக்கொண்டே வருகிறது. நிமோனியா, ஐந்து நாளில் காய்ச்சல் தணிந்து மூச்சு சீரானால் அங்கேயே நிறுத்தலாம் என்ற நிலைக்கு வந்திருக்கிறது. பெண்களுக்கு வரும் எளிய சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நைட்ரோஃபுரன்டாயின் ஐந்து நாள் போதும். ஆனால் காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதம், இதய வால்வுத் தொற்றுக்கு நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். அங்கே தெம்பு வந்துவிட்டது என்று நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து அதிகம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைத் தொற்றுக்கு, மூட்டையும் இதயத்தையும் தாக்கும் வாத ஜுரத்தைத் தடுக்கப் பத்து நாள் பென்சிலின் கொடுப்பது வழக்கம். குழந்தை மூன்றாம் நாளே ஓடியாட ஆரம்பித்திருக்கும்.

உங்கள் அப்பா இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார். காய்ச்சலோடு வரும் ஆண்களின் சிறுநீர்த் தொற்றில் ப்ராஸ்டேட்டும் மாட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். மருந்து சுலபமாகப் புகாத இடம் அது. அவசரப்பட்டு நிறுத்தினால் அதே கிருமி சில வாரத்தில் திரும்பும். அதனால் பத்து நாள் என்று உங்கள் மருத்துவர் சொல்வது நியாயமாகவே படுகிறது. தெம்பாகிவிட்டதால் மிச்ச நாட்களுக்கு மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள்; அது நல்ல கேள்வி. கையில் ஊசிக்குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் அதன் வழியே வேறு தொற்று வர ஒரு வாசல் திறந்திருக்கிறது என்று பொருள். கிரியாட்டினின் அளவையும் வார்ஃபரினையும் பார்த்து, ப்ராஸ்டேட்டுக்குள்ளும் புகும் மாத்திரையாக அவர் தேர்ந்தெடுப்பார். முடியாவிட்டால் ஊசியையே தொடர்வார்.

அப்படி மாத்திரைக்கு மாறினால் கடிகாரத்தைக் கவனியுங்கள். பென்சிலின், செஃபலோஸ்போரின் (செஃப்ட்ரியாக்ஸோனின் குடும்பம்) வகை மருந்துகள் ரத்தத்தில் போதிய அளவுக்கு மேல் எத்தனை மணி நேரம் நிற்கின்றன என்பதைப் பொறுத்தே வேலை செய்கின்றன. அமாக்ஸிசிலின் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். ‘மூன்று வேளை’ என்றால் காலை ஒன்பது, மதியம் ஒன்று, இரவு ஏழு என்று பகலுக்குள் அடைத்துவிடுகிறார்கள். இரவு ஏழிலிருந்து மறுநாள் ஒன்பது வரை பதினான்கு மணி நேரம் கிருமிக்கு ஓய்வு. எட்டு மணி நேரத்துக்கு ஒன்று என்பதற்கு அருகிலாவது வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளை விட்டுப்போனால் நினைவு வந்தவுடன் கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம்.

மருந்து நடக்கும்போதோ, முடிந்து சில வாரங்கள் கழித்தோகூட, ஒரு நாளைக்கு மூன்று முறைக்கு மேல் தண்ணீராகப் போனால் கடையில் வாங்கிய நிறுத்து மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். ஆன்டிபயாடிக் குடலின் நல்ல பாக்டீரியாக்களைத் துடைத்தெறிந்தபின், கிளாஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசில் என்ற கிருமி காலி இடத்தில் குடியேறுவது உண்டு. வயதானவர்களுக்கு அது உயிருக்கே உலை வைக்கும். மருத்துவரிடம் காட்டி, இன்ன மருந்து இத்தனை நாள் சாப்பிட்டார் என்று சொல்ல வேண்டும்.

மகன் விஷயம் சுருக்கமானது. பச்சை நிறம் பாக்டீரியாவின் கையெழுத்து அல்ல. தொற்றை எதிர்த்துப் போரிட வரும் நம்முடைய வெள்ளணுக்களில் இரும்பு கலந்த ஒரு நொதி இருக்கிறது. அதன் நிறமே பச்சை. அந்த அணுக்கள் கூட்டமாக வந்து மடிந்தால் சளி மஞ்சளாகி, பிறகு பச்சையாகும். வைரஸ் சளியிலும் இது மூன்றாம் நான்காம் நாளில் அப்படியே நடக்கும். வைரஸுக்குப் பாக்டீரியாவைப் போன்ற செல் சுவர் இல்லை. அதைக் கட்டவிடாமல் செய்யும் பென்சிலின் அங்கே என்னத்தைத் தடுக்கும்? குழந்தைக்குக் கிடைப்பது வயிற்றுப்போக்கும் தடிப்பும்தான்.

பத்து நாள் ஆகியும் கொஞ்சமும் குறையவில்லை, குறைந்துகொண்டே வந்தது திடீரென்று காய்ச்சலோடு திரும்பியது, அல்லது ஆரம்பத்திலிருந்தே 39 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத காய்ச்சலும் சீழ்ச்சளியும் மூன்று நாளாக விடவில்லை என்றால் மறுபடி காட்டுங்கள். அப்போது சைனஸில் பாக்டீரியா புகுந்திருக்கலாம், மருத்துவர் மனம் மாறவும் கூடும். வேகமாக மூச்சு வாங்குவது, விலா எலும்புக்கு இடையே உள்வாங்குவது, எதுவும் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் மயங்கிக் கிடப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் எத்தனையாவது நாள் என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். தாத்தாவுக்கு வாங்கிய மருந்தில் பாதியை உடைத்து அவனுக்குக் கொடுக்கும் யோசனை மட்டும் வேண்டாம். கடிதத்தில் நீங்கள் அப்படிச் சொல்லவில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

அந்த இழுப்பறையை இன்றே காலி செய்யுங்கள். குப்பையிலோ கழிப்பறையிலோ கொட்டாமல், மருந்தகத்தில் திரும்ப வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். தண்ணீர் கலக்கிய சிரப் எதுவும் உள்ளே இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். கலக்கிய பிறகு அதன் ஆயுள் வகையைப் பொறுத்து ஒன்று அல்லது இரண்டு வாரம்தான்.

கடைசியாக, கிருமி போய்விட்டதா என்று மறுபடி கல்ச்சர் செய்வது. எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, அப்பா பழையபடி நடமாடுகிறார் என்றால் வேண்டாம். வயதானவர்களில் பலருக்கு எந்தத் தொல்லையும் தராமல் சிறுநீரில் பாக்டீரியா குடியிருக்கும். கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளப் போகிறவர்களுக்கும் தவிர, அதற்கு மருந்து கொடுப்பதில்லை. சோதித்தால் ஏதாவது முளைக்கும். முளைத்தால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க உங்களாலும் முடியாது, சில மருத்துவர்களாலும் முடியாது. மறுபடி ஓர் ஆன்டிபயாடிக், மறுபடி ஐஎன்ஆர் ஏற்றம், மறுபடி எண்கள் நிறைந்த ஓர் அறிக்கை. ப்ராஸ்டேட்டுக்காகவோ வேறு காரணத்துக்காகவோ உங்கள் மருத்துவரே கேட்டால் ஒழிய, அந்தச் சோதனைக் குப்பியை நிரப்பாமலே விட்டுவிடுங்கள்.